உபாத்தியாயர் வாயும் பிள்ளைகள் பல்லும்

நம் நாட்டில் பிள்ளையின் பால்பல் விழுந்தால் அதைச் சாணியில் வைத்துக் கூரைமேல் எறியத் தெரியாத வீடு அநேகமாய் இல்லை. ஆனால், அந்தப் பல் காலத்தில் விழுந்ததா, சொத்தையாகி விழுந்ததா என்று வாயைத் திறந்து பார்த்த வீடுகள் எத்தனை என்று கேட்கின்றோம். விழுந்த பல்லுக்குள்ள மரியாதை வாயிலுள்ள பல்லுக்கு இல்லை!

வலி வந்தாலோ "பல்லில் பூச்சி" என்கிறார்கள். "மேற்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும்" என்கிறார்கள். வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையையும் மாவையும் தின்று உண்டாக்கும் அமிலமே பல்லை அரிக்கின்றது என்பதை மில்லர் என்பவர் 1890லேயே எழுதி வைத்தார். பூச்சியுமில்லை, தலைவிதியுமில்லை.

இதில் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, ஒரு கடைவாய்ப்பல் முளைக்கின்றது. அது நிலையான பல். அதைப் பால்பல் என்றெண்ணி, "விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். அது போனால் பின்பு முளைக்கவே முளைக்காது. பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேரும் வயதும் அதுதான். ஆகவே இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய இடம் ஆரம்பப் பள்ளிக்கூடமே.

புலவர்கள் பல்லுக்கு முல்லையரும்பை உவமை சொல்லுவார்கள். நமது திருமுல்லைவாயிலின் பெயரிலேயே முல்லையுமுண்டு, வாயுமுண்டு. பக்கத்தில் வேலப்பன்சாவடியிலும் முகப்பேரிலும் பல் வைத்தியக் கல்லூரிகளுமுண்டு. சர்க்காரின் சிறார் நலத் திட்டப்படி 2013 முதல் வைத்தியக் குழுவினர் பள்ளிகளுக்கு வந்து பார்க்கவும் ஏற்பாடுண்டு. ஆனால் வருஷத்திற்கொருமுறை வருகிறவர் நோயைக் கண்டுபிடிக்கலாமே ஒழிய, பழக்கத்தை உண்டாக்க முடியுமா? தினந்தோறும் பிள்ளை முகத்தில் விழிப்பவர் உபாத்தியாயரல்லவா?

அந்த உபாத்தியாயரும் பல்லில் பூச்சி என்று நம்புகிறவராயிருந்தால் என்ன செய்வது? அதனால்தான் முதலில் அவருக்குப் பயிற்சி வேண்டும் என்கிறோம். மேடைப் பிரசங்கம் கேட்டுக் கையெழுத்துப் போட்டுக் கலைவது பயிற்சியாகாது. கண்ணாடியில் தம் வாயைத் தாமே பார்க்க வேண்டும். ஆறு வயதுப் பல்லை அடையாளங்காண வேண்டும். சொத்தையின் முதல் வெண்புள்ளியை அறிய வேண்டும். புளோரைடு பற்பசையைக் காலையிலும் படுக்கப்போகும் முன்னும் பட்டாணியளவு வைத்துத் துலக்கிக் காட்ட வேண்டும். எந்தப் பிள்ளையை வைத்தியரிடம் அனுப்புவதென்று தெரிய வேண்டும்.

"ஓட்டர் ஜாபிதா, ஜனக் கணக்கு எல்லாம் எங்கள் தலையில், இதுவும் வேறா?" என்று உபாத்தியாயர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆதலால் இன்னொரு ரிஜிஸ்தர் கொடுக்காதீர்கள். பத்து நிமிஷமும், குழாயில் தண்ணீரும், பிள்ளைக்கொரு பிரஷும் கொடுங்கள் என்று சர்க்காருக்குச் சொல்லுகிறோம். பிலிப்பைன்ஸ் தேசத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் கூட்டமாய் நின்று தினமும் பல் துலக்குவது நடந்த காரியமே.

1920ல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தியாகராயர் சோறு போட்டபோதும் "பள்ளிக்கூடம் சோறு போடவா இருக்கிறது?" என்ற மனப்பான்மை இருக்கத்தான் செய்தது. இன்று காலைச் சிற்றுண்டியும் போடுகிறார்கள். போடுகிற சோற்றை மெல்லப் பல் வேண்டாமா? வலியால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு வாய்ப்பாடு எப்படி ஏறும்?

பெற்றோர்களே! அடுத்த பள்ளி நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை எழுந்து கேளுங்கள். அதுவரை, இன்றிரவே உங்கள் பிள்ளையின் வாயைத் திறந்து பாருங்கள்.