எந்த ஊசி முதலில்?

மலையகத்தில் குளவிக் கொட்டு நாலு வரிச் செய்தியாகிவிட்டது. இத்தனை தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதி, ஒருவர் மரணம், கூடு கலைந்ததே காரணம். அதற்கு மேல் யாரும் எழுதுவதில்லை. மாத்தளை மாவட்டத்தின் எல்கடுவ மலையில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியைக் குளவி கொட்டினால் அவள் பிழைப்பாளா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இரண்டு: முதலில் போடப்பட்ட ஊசி எது, கொட்டி எத்தனை நிமிடத்தில் அது போடப்பட்டது. இந்த இரண்டையும் பத்திரிகைகள் கேட்பதில்லை. தோட்ட நிர்வாகமும் சுகாதாரத் துறையும் கேட்காமலிருப்பது அதைவிடப் பெரிய தவறு.

பிரிட்டனில் பூச்சிக்கொட்டு போன்றவற்றால் வரும் கடும் ஒவ்வாமையால் இறந்தவர்களின் விவரங்களை ஒவ்வொன்றாகத் திரட்டி ஆராய்ந்தவர் ரிச்சர்ட் பம்ஃப்ரி. 2000ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கணக்கின்படி, பூச்சி கொட்டி இறந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு 15 நிமிடத்துக்குள்ளேயே மூச்சோ இதயமோ நின்றுபோயிருந்தது. மலையுச்சிப் பிரிவிலிருந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வருவதற்கே அவ்வளவு நேரம் ஆகும். அங்கிருந்து மாத்தளைக்கு இறங்கினாலும் வத்துகாமத்துக்கு இறங்கினாலும் வளைவுகள் தீரவே தீராது. பெரியாஸ்பத்திரியில் எல்லாம் இருக்கிறது என்ற ஆறுதல் அந்த 15 நிமிடத்துக்கு உதவாது.

முதல் ஊசி அட்ரினலின். பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில். இது உலகெங்கும் ஏற்கப்பட்ட முறை. இருந்தும் பல இடங்களில் கை முதலில் போவது ஹைட்ரோகோர்ட்டிசோனுக்கும் பிரிட்டோனுக்கும்தான். அட்ரினலின் இதயத்தைத் தாக்கிவிடுமோ என்ற பயத்தில் அதைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கிறார்கள். ஹைட்ரோகோர்ட்டிசோன் வேலை செய்ய மணிக்கணக்காகும். பிரிட்டோன் அரிப்பையும் தடிப்பையும் தணிக்கும். இறங்கும் இரத்த அழுத்தத்தைத் தூக்காது, அடைக்கும் தொண்டையைத் திறக்காது.

இவ்வகை மருந்துகளை ஒப்பிட்டுச் சோதித்துப் பார்த்த மிக முக்கியமான ஆய்வுகளில் ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஏற்றும்போது வரும் ஒவ்வாமையைத் தடுக்க எது உதவும் என்று பேராசிரியர் அசித்த டி சில்வாவும் சகாக்களும் இலங்கை வைத்தியசாலைகளில் 1,007 நோயாளிகளிடம் ஆராய்ந்தார்கள். யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். எது மருந்து, எது வெறும் நீர் என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. 2011இல் முடிவு வெளிவந்தது. குறைந்த அளவு அட்ரினலின் முன்கூட்டியே கொடுத்தவர்களுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் கடும் ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்தது. ஹைட்ரோகோர்ட்டிசோனும், பிரிட்டோன் வகை மருந்தான புரோமெத்தசீனும் பலன் தரவில்லை. அதோடு, ஹைட்ரோகோர்ட்டிசோனைச் சேர்த்துக் கொடுத்தபோது அட்ரினலினின் பலனும் இல்லாமல் போனது.

குளவிக் கொட்டுக்கு இப்படியொரு குலுக்கல் ஆய்வு இல்லை. இருக்கவும் முடியாது. மூச்சுத் திணறுகிறவருக்கு வெறும் நீரை ஏற்றிப் பார்க்க எந்த மனசாட்சியும் ஒப்பாது. அங்கே நமக்குச் சான்று இறந்தவர்களின் கதைகளிலிருந்தும், மருந்து உடலில் செய்யும் வேலையைப் பற்றிய அறிவிலிருந்தும், இது போன்ற பக்கத்து ஆய்வுகளிலிருந்தும்தான் வருகிறது. எந்தக் கேள்விக்கு எந்த வகைச் சான்று கிடைக்கும், அதை எவ்வளவு நம்பலாம் என்று நிறுத்துப் பார்க்கத் தெரிவதே ஆராய்ச்சியின் அடிப்படை. தாதியருக்கு அது வேண்டாம், டொக்டர் சொன்னதைச் செய்தால் போதும் என்று நினைப்பவர்கள், நோயாளியின் பக்கத்தில் நிற்பவர் யார் என்பதை மறந்தவர்கள். உதாரணமாக, நோயாளியைப் படுக்க வைப்பது தாதியின் வேலை. 2003இல் அதே பம்ஃப்ரி இன்னொன்றையும் சுட்டிக்காட்டினார்: அதிர்ச்சி நிலையில் இருந்தவர்களை எழுப்பி உட்கார வைத்ததும் சிலரின் உயிர் பிரிந்தது. கால்களை உயர்த்திப் படுக்க வைக்க வேண்டும். நமது தோட்டங்களிலோ கொழுந்து லொறியில் நிமிர்த்தி உட்கார வைத்து, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். சரியான முறையைச் சொல்லிக் கொடுக்க யாரும் வரவில்லை.

திறந்த பல்கலைக்கழகம் தாதியருக்குப் பட்டப்படிப்பைத் தொடங்கியது 1994இல். பிறகு மற்றப் பல்கலைக்கழகங்களும் தொடங்கின. ஆய்வுமுறை அங்கெல்லாம் பாடமாக இருக்கிறது. பட்டம் பெற்று வார்டுக்குத் திரும்பும் மிஸி, "இந்த ஊசி வரிசை சரியா?" என்று கேட்டால் அவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் "இங்கே இப்படித்தான்" என்பது. அந்தப் பதிலைச் சொல்லும் மூத்தவர்கள் தவறு செய்கிறார்கள் என்று தயக்கமில்லாமல் சொல்கிறோம். சான்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது வழக்கத்தின் பெயரால் நோயாளியை ஆபத்தில் விடுவது கடமை மீறல்.

ஆனால் மிகப் பெரிய குற்றம் அவர்களுடையது அல்ல. பல தோட்ட டிஸ்பென்சரிகளில் பயிற்சி பெற்ற தாதியே கிடையாது. ஒரு தோட்ட மருத்துவ உதவியாளரை வைத்துக்கொண்டு காலம் கடத்துகிறார்கள். தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பேச்சு 1990களிலிருந்து இழுபடுகிறது. எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனியோ அரசுக்குச் சொந்தமானது. தனியார் முதலாளிமார் மேல் பழிபோடும் வசதியும் இங்கே அரசுக்கு இல்லை. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் கிளினிக்கில் அவசரத் தட்டு ஒன்று விரித்து வைக்கிறார்கள், அதில் அட்ரினலின் இருக்கிறது. அது சரியான ஏற்பாடு. அதே குழந்தையின் தாய் வேலைசெய்யும் மலையில் அந்தத் தட்டு ஏன் இல்லை? உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள ஒரு சிறு குப்பி அது. குளவிக் கூடு உள்ள மலைக்கு ஆள் அனுப்பிவிட்டு அந்தக் குப்பியை வைக்காத நிர்வாகம் எதுவானாலும், அங்கே நேரும் மரணத்தை விபத்து என்று எழுத அதற்கு உரிமை இல்லை.

மொழியும் இதில் சேர்த்தி. "மிஸி, தொண்டைய அடைக்குது" என்று கொட்டுப்பட்டவள் சொல்வதே முதல் அறிகுறியாக இருக்கலாம். தோல் தடிப்பதற்கு முன்பே அது வரலாம். கேட்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அந்த நிமிடம் வீணாகிறது. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. அவசரப் பிரிவில் அது செல்லுபடியாகாவிட்டால் வேறு எங்கே செல்லுபடியாகும்?

ஸ்கூட்டாரி போர்க்கால மருத்துவமனைக்கு 1854இல் போன புளோரன்ஸ் நைட்டிங்கேல் மரணங்களைக் கணக்கெடுத்தார். அந்தக் கணக்கை வைத்தே பின்னர் அதிகாரிகளைப் பேச வைத்தார். நமக்கு வேண்டியதும் அத்தகைய ஒரு கணக்குத்தான். குளவி கொட்டிய நேரம், டிஸ்பென்சரிக்கு வந்த நேரம், அட்ரினலின் போட்ட நேரம், படுக்க வைத்தார்களா, என்ன ஆயிற்று என்று ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு புத்தகத்தில் எழுத வேண்டும். அது தமிழிலும் இருக்க வேண்டும். மாத்தளை மாவட்டத்துக்குச் சராசரி போட்டு மூடிவிடாமல் தோட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். டொக்டர் வரும்வரை காத்திராமல் முதல் ஊசியைப் போட, பயிற்சி பெற்ற தாதிக்கும் மருத்துவ உதவியாளருக்கும் எழுத்தில் அதிகாரம் கொடுக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ வெளிநாட்டு உதவியோ தேவையில்லை. சுகாதார அமைச்சும் பெருந்தோட்ட அமைச்சும் சேர்ந்து ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். அதை அனுப்பாத ஒவ்வொரு நாளுக்கும் அவர்கள் பதில் சொல்ல வேண்டியவர்கள்.