வெயிலுக்கும் பட்டா

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. சுமார் 2,500 ஏக்கர். வறண்ட பூமிக்கு வளர்ச்சி என்றார்கள். யாருக்கு? பட்டா வைத்திருந்தவன் வித்தான், காசு பார்த்தான். அந்த மாதிரி நெலத்துல களை எடுத்தவ, மொளகா பறிச்சவ, சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டவன், ஆடு மேய்ச்சவன் கையில பட்டா ஏது? 1892இன் பஞ்சமி நிலமே நம்மிடம் தங்கவில்லையே!

கட்டியபோது ஆயிரக்கணக்கானோருக்குக் கூலி கிடைத்தது, எட்டு மாதம். பிறகு தகடு துடைக்கவும் ரோபோ. (காலங்காலமாக நம் தலையில் கட்டிய துப்புரவு வேலை, சம்பளம் வரும் இடத்தில் மட்டும் எந்திரத்துக்குப் போய்விடுகிறது.)

சூரிய மின்சாரம் வேண்டாமென்று யார் சொன்னது? நிலத்தை விலைபேசும்போது அதில் கூலிக்குப் போனவளையும் கணக்கெடு. சேரிக்கும் வருமானத்தில் பங்கு எழுது. அதை எழுதாமல் எங்களிடம் பசுமை பேசாதே.