சர்க்கரை விற்கும் நாம் சர்க்கரையை அறிவோமா?



கிடங்கில் இருப்பு எத்தனை மூட்டை, யார் பற்று எவ்வளவு, நாளை துவரம் பருப்பு ஏறுமா இறங்குமா என்று கேட்டால் நம்மில் எவரும் உடனே பதில் சொல்லிவிடுவோம். வீட்டில் இருக்கும் பெற்றோரின் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் விழிப்போம். நாங்களும் அப்படித்தான் விழித்தோம்.

எங்கள் தகப்பனாருக்கு வயது 84. சகோதரர்கள் மூவரும் சேர்ந்து நடத்தும் மொத்த மளிகைக் கடைக்கு இன்றும் காலையில் வந்து கல்லாப் பக்கம் அமர்வார். சென்ற ஆண்டு எண்ணெய் டின் விளிம்பு கீறி அவர் கால் விரலில் ஏற்பட்ட காயம் மூன்று வாரமாகியும் ஆறவில்லை. மருத்துவர் இரத்தம் பார்க்கச் சொன்னார். வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய் என்பது கணக்கு. அவருக்கு 188 இருந்தது. மறுபடி பார்த்தும் அதே நிலைதான்.

அன்று முதல் வீட்டில் அவசரச் சட்டம் போட்டோம். சோறு பாதியானது. காபியில் சர்க்கரை நின்றது. பேரப்பிள்ளைகளைக் காவல் வைத்தோம். கடைக்கும் வர வேண்டாம் என்றோம். பத்து நாள் பொறுத்துப் பார்த்தவர் ஒரு நாள் சொன்னார்: "இத்தனை வருசம் ஊருக்கே நான் அளந்து போட்டேன். இப்ப எனக்கு நீங்க அளந்து போடுறீங்களாக்கும்."

மறுநாள் கோபத்தில் காலைப் பலகாரம் சாப்பிடாமல், மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். பதினொரு மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்தது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. வெயில் என்று நினைத்து நாங்கள் மின்விசிறியைத் திருப்பி வைத்தோம். பொட்டலம் கட்டும் பையன்தான் ஓடிப்போய்ச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தான். அவன் தாயாருக்கும் இந்த நோய் உண்டாம். கால் மணி நேரத்தில் தகப்பனார் தெளிந்தார். சர்க்கரை மூட்டைகளுக்கு நடுவே நின்ற முதலாளிகள் மூவருக்கும் தெரியாதது அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

மருத்துவர் பிறகு விளக்கினார். சர்க்கரை கூடுவது மெல்ல மெல்லக் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் கெடுக்கும். 70-க்குக் கீழே இறங்குவது அப்போதே ஆளைச் சாய்க்கும். இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கச் செய்யும் மாத்திரையைச் சாப்பாடு இல்லாமல் போடவே கூடாது. மயக்கம் வருவது போலிருந்தால் மூன்று தேக்கரண்டி, அதாவது சுமார் 15 கிராம் சர்க்கரை கொடுக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். முதியவர்களுக்கு இளைஞர்களைப் போல அவ்வளவு கண்டிப்பான கட்டுப்பாடு தேவையில்லை என்றும் சொன்னார்.

அதன்பின் நாங்கள் செய்தது ஒன்றுதான். கணக்கை அவர் கையிலேயே ஒப்படைத்தோம். ஒரு சிட்டைப் புத்தகமும், விரல் நுனி இரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் கருவியும் வாங்கிக் கொடுத்தோம். எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன சாப்பிட்டார், சர்க்கரை எவ்வளவு என்று அவரே எழுதுகிறார். அறுபது வருடம் பேரேடு எழுதிய கை அது. சோறு சற்றுக் குறைந்தது. காயும் பருப்பும் கூடின. வீட்டில் அவருக்கென்று தனிச் சமையல் இல்லை, எல்லோருக்கும் அதே சாப்பாடுதான். கடைக்குள்ளும் செருப்புப் போட்டுக்கொள்கிறார். இரவில் அவர் பாதத்தை மருமகள்களில் ஒருவர் பார்த்துவிடுகிறார். காயமும் ஆறிவிட்டது.

இனி நம் தொழிலுக்கு வருவோம். "கருப்பட்டி சாப்பிடுங்கள், சர்க்கரைக்காரருக்கு ஒன்றும் செய்யாது" என்று எத்தனை பேருக்குச் சொல்லி விற்றிருக்கிறோம்! நாங்களும் விற்றவர்களே. கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே இரத்தச் சர்க்கரையை ஏற்றுபவைதான். சாமை, வரகு, தினையில் நார்ச்சத்து உண்டு, நல்லவைதான். ஆனால் 100 கிராமில் 60 முதல் 70 கிராம் வரை மாவுச்சத்தும் உண்டு. அளவில்லாமல் சாப்பிட்டால் அரிசி செய்வதையே அவையும் செய்யும். சர்க்கரை சேர்க்காத பிஸ்கட்டிலும் மைதா இருக்கிறது. இவற்றையெல்லாம் தாராளமாக விற்போம். மருந்து என்று சொல்லி விற்க வேண்டாம். எடையில் பத்துக் கிராம் குறைந்தால் பாவம் என்று நினைக்கிற நாம் சொல்லில் கலப்படம் செய்யலாமா? மளிகைக் கடைக்காரர் சொன்னார் என்று நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் தெரிவித்தது. காலை முதல் இரவு வரை உட்கார்ந்தே இருந்து, மதியச் சாப்பாட்டை நான்கு மணிக்குச் சாப்பிடும் நமக்கு இது தூரத்துச் செய்தியல்ல. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். நாங்கள் மூவரும் பரிசோதித்துக்கொண்டோம். இளையவருக்கு எல்லைக்கோட்டில் நிற்கிறது. அவர் இப்போது தினமும் அரை மணி நடக்கிறார்.

ஆகவே சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நவம்பர் 14 உலக நீரிழிவு நாள். அன்று கடை வீதியிலேயே பரிசோதனை முகாம் நடத்த வேண்டும். உறுப்பினர்கள் மட்டுமின்றி அவர்களின் பெற்றோரும், மூட்டை தூக்குவோரும், பொட்டலம் கட்டும் பிள்ளைகளும் அதில் பயன்பெற வேண்டும். மதியம் அரை மணி நேரமாவது வியாபாரத்தை நிறுத்திச் சாப்பிடவும் நாம் பழக வேண்டும். அந்த அரை மணியில் எந்த வாடிக்கையாளரும் ஓடிப்போய்விட மாட்டார்.

ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது ஒரு பைசா உதைத்தாலும் விடிய விடியத் தேடுகிறோம். பெற்றவர்களின் உடம்புக் கணக்கை வருடம் ஒரு முறையேனும் பார்ப்போம்.