எம்.எஸ்.சுவாமிநாதன், கடற்கரை, அப்புறம் ஒரு 200 மீட்டர் கயிறு

எம்.எஸ்.சுவாமிநாதன் பேரை எடுத்தாலே நம்ம பதிவர்கள் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சுடுவாங்க. ஒரு கட்சிக்கு அவர் நாட்டோட பசியைப் போக்கின பிதாமகர். இன்னொரு கட்சிக்கு அவர் மண்ணை விஷமாக்கின ஆள். 2023 செப்டம்பர் 28-ல் அவர் காலமானப்பவும் இதே சண்டை. 2024-ல் பாரத ரத்னா அறிவிச்சப்பவும் இதே சண்டை. யூரியா, ஐஆர்-8, பஞ்சாப், நம்மாழ்வார்... சுத்திச் சுத்தி வயல்லயே நிக்கிறோம். வரப்பைத் தாண்டி கிழக்கே கடல் பக்கம் போக யாருக்கும் மனசில்லை.

ஆனா மனுஷன் போயிருக்காரு. அதுவும் சும்மா கால் நனைக்க இல்லை. இந்தியக் கடற்கரை பூராவும் எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாதுங்கிற சட்டத்தின் தலையெழுத்தில் ரெண்டு தடவை கை வெச்சிருக்காரு. முதல் தடவை வெச்சதுக்கு மீனவர்கள் எதிர்த்தாங்க. ரெண்டாவது தடவை அவரே தன் எழுத்தை அழிச்சு எழுதினாரு. இந்தக் கதையைப் பேசாம அவரைப் புகழ்றதும் திட்டுறதும் ரெண்டுமே அரைகுறைதான் என்பது என் கட்சி.

முதலில் பயோடேட்டா. சீக்கிரம் முடிச்சுடறேன். 1979-ல் ஜெனீவாவில் நடந்த முதல் உலகத் தட்பவெப்ப மாநாட்டில் உணவு உற்பத்தி பற்றிப் பேசியவர்களில் ஒருவர். 1981 முதல் 85 வரை உலக உணவு வேளாண் அமைப்பின் கவுன்சில் தலைவர். 1982 முதல் 88 வரை பிலிப்பைன்ஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமை இயக்குநர். 1984 முதல் 90 வரை சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் தலைவர். 1987-ல் முதல் உலக உணவுப் பரிசு. 1988-ல் சென்னையில் தன் பேரில் ஆராய்ச்சி நிறுவனம். 1990-ல் ஜப்பானின் ஒகினாவாவைத் தலைமையிடமாகக் கொண்டு அலையாத்திக் காடுகளுக்கான சர்வதேசச் சங்கம் தொடங்கினப்ப அதன் முதல் தலைவர். கடல் மட்டம் ஏறினா உப்பைத் தாங்கற பயிர் வேணும், அதுக்கான மரபணு அலையாத்தியில் இருக்குன்னு, கடல் மட்டம்ங்கிற பேச்சே இங்கே யார் வாயிலும் வராத காலத்திலேயே சொன்ன ஆளு.

நிற்க. இதெல்லாம் நாற்காலிக் கணக்கு. சர்வதேச நிபுணர்னு சொன்னா நாம இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வாயைப் பிளக்கிறோம். என் கேள்வி வேற. அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து எழுதின காகிதம் நெம்மேலியிலும் கொக்கிலமேட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் வலை காய வைக்கிறவனை என்ன செஞ்சுது?

அதுக்குக் கொஞ்சம் பழங்கதை தேவை. 1981-ல் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கடற்கரையில் 500 மீட்டர் வரைக்கும் கட்டடங்களால் நாசம் பண்ணாதீங்க என்பது சாரம். பத்து வருஷம் கழிச்சு, 1991 பிப்ரவரி 19-ல், அது சி.ஆர்.இசட். என்கிற கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையா வந்தது. கிராமப்புறக் கடற்கரையில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாதுன்னு போட்டாங்க.

இந்த 200 மீட்டரின் அருமை என்னன்னா, அதை ஒரு கயிறு வெச்சு அளந்துடலாம். உயர் அலைக்கோடு எதுங்கிறதுல தகராறு வரும், வந்துச்சு. ஆனாலும் அலை எதுவரைக்கும் ஏறும்னு குப்பத்துல இருக்கிற சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். ஒரு ரிசார்ட்காரன் மணல்ல செங்கல் அடுக்கினா, ஊர் ஜனம் கயிறைப் பிடிச்சுக்கிட்டு 'இந்தா பாரு, உள்ளே வந்துட்டே'ன்னு கேட்டுடலாம். படிக்காதவன் கையிலயும் நிக்கிற சட்டம் நம்ம நாட்டுல ரொம்பக் கம்மி. அதுல இது ஒண்ணு.

குறை இல்லாமலா? மீனவர் தன் குடிசையை மாத்திக் கட்டவே இதே சட்டம் குறுக்கே நின்னுச்சு. அதே சமயம் திருத்தத்துக்கு மேல திருத்தமா போட்டு, பெரிய கைகளுக்குச் சந்து பொந்து விட்டுக்கிட்டே வந்தாங்க. 2004 ஜூலையில் இதைச் சீர்ப்படுத்தணும்னு ஒரு நிபுணர் குழு போட்டாங்க. தலைவர், சுவாமிநாதன். நடுவுல டிசம்பர் 26-ல் சுனாமி வந்துச்சு. 2005 பிப்ரவரியில் அறிக்கை வந்துச்சு.

அறிக்கை படிக்க அழகா இருக்கும். எல்லா இடத்துக்கும் ஒரே தூரம் வேணாம்; கடல் அரிப்பு, அலை, மட்ட உயர்வு எல்லாம் கணக்குப் பண்ணி இடத்துக்கு இடம் ஒரு 'பாதிப்புக் கோடு' போடுவோம்; சி.ஆர்.இசட். போய் கடற்கரை மேலாண்மை மண்டலம் வரட்டும் என்றது. அறிவியலா பார்த்தா தப்புச் சொல்ல முடியாது. பாறைக் கரையும் மணல் கரையும் ஒண்ணு இல்லைதான்.

ஆனா கயிறு எங்கே போச்சு சாமி? பாதிப்புக் கோட்டை அளக்க செயற்கைக்கோள் படம் வேணும், உயர வரைபடம் வேணும், அதை வரைய ஒரு நிறுவனம் வேணும், அது வரைஞ்சு முடிக்கிற வரைக்கும் ஊர் காத்துக்கிடக்கணும். வரைஞ்ச கோடு தப்புன்னு சொல்ல இன்னொரு நிபுணர் வேணும். குப்பத்துக்காரன் கையில இருந்த அளவுகோல் அரசாங்கத்தோட கணினிக்குள்ள போயிடுச்சு. 'ஒழுங்குமுறை'ங்கிற வார்த்தை போய் 'மேலாண்மை'ங்கிற வார்த்தை வந்தாலே நான் பர்சைத் தடவிப் பார்த்துக்குவேன். ஒழுங்குமுறைன்னா ஒருத்தனைத் தடுக்கணும். மேலாண்மைன்னா எல்லாரையும் அனுசரிச்சுக்கலாம்.

மீனவர்களுக்கு இது உடனே புரிஞ்சுடுச்சு. 2008-ல் அந்த அறிக்கையை வெச்சு வரைவு அறிவிக்கை வந்ததும், தேசிய மீன் தொழிலாளர் பேரவை கட்ச் கடற்கரையிலிருந்து கொல்கத்தா வரைக்கும் கரையோரமாவே ஒரு பிரசாரப் பயணம் நடத்துச்சு. தமிழ்நாட்டுக் கரையிலும் எதிர்ப்பு. கருத்துக் கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில்: வேணாம்.

2009-ல் ஜெய்ராம் ரமேஷ் சுற்றுச்சூழல் அமைச்சரானார். மறுபடி ஒரு குழு, நாலு பேர். தலைவர் மறுபடியும் சுவாமிநாதன்! கூட சுனிதா நாராயண், சைலேஷ் நாயக், அமைச்சக அதிகாரி மாஸ்கர். தன் அறிக்கையில பிறந்த குழந்தைக்குத் தானே தீர்ப்புச் சொல்லணும். நம்ம ஊர்ல பஞ்சாயத்துத் தலைவரே இதைச் செய்ய மாட்டாரு. 2009 ஜூலை அறிக்கையில் அவர் குழு சொன்னது: அந்த வரைவைக் காலாவதியாக விட்டுடுங்க, 1991 சட்டத்தையே பலப்படுத்துங்க, மீனவர் குடியிருப்புக்கு வழி செய்யுங்க. வரைவு காலாவதியாச்சு. 2011 ஜனவரி 6-ல் புது சி.ஆர்.இசட். வந்தது. 200 மீட்டர் நின்னுச்சு. பாரம்பரியக் கடலோர மக்கள் மட்டும் 100 மீட்டருக்கு அப்பால் வீடு கட்டிக்கலாம்னு ஆச்சு.

'அமைச்சர் மாறினாரு, காத்து மாறுச்சு, அதனால அவரும் மாறினாரு'ன்னு ஒரு அன்பர் சொல்வாரு. இருக்கட்டுமே. காத்து மாறினதுக்கு யார் காரணம்? வெயில்ல கரையோரமா ஊர் ஊராப் போன சனங்க. சுவாமிநாதனோட பெருமைன்னு நான் சொல்றது இதைத்தான்: எண்பது வயசு தாண்டி, உலகத்துல வாங்க வேண்டிய பட்டமெல்லாம் வாங்கினப்புறம், பட்டமே இல்லாதவன் சொன்னதுக்குக் காது கொடுத்து, தன் கையெழுத்தைத் தானே வெட்டினது. உலக உணவுப் பரிசைவிட இது பெருசு. ஆனா அந்தப் பெருமையில் பாதிக்கு மேல மீனவர்களோடது. நிபுணரை நிபுணர் ஆக்கினதே அவங்கதான்.

அவர் நிறுவனத்தின் வேலையிலேயே இதுக்கு ரெண்டு சாட்சி உண்டு. பிச்சாவரத்தில் அலையாத்தி அழிஞ்சதுக்கு சனங்க மாடு மேய்ச்சதும் விறகு வெட்டினதும்தான் காரணம்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. ஆய்வு பண்ணிப் பார்த்தா, முன்னாடி காட்டைக் கூறு கூறா மொட்டையடிச்சதுல தரை இறங்கி, தண்ணி தேங்கி, உப்பேறிப் போனதுதான் முக்கியக் காரணம். மீன் முள் மாதிரி கால்வாய் வெட்டி, ஊர்க்காரங்களையும் சேர்த்துக்கிட்டதும் காடு திரும்ப வந்துச்சு. இன்னொண்ணு, புதுச்சேரி பக்கம் நல்லவாடு. அவங்க நிறுவனம் வெச்ச கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கி அங்கே இருந்துச்சு. சுனாமி அன்னைக்கு சிங்கப்பூர்ல இருந்து ஊர்ப் பையன் ஒருத்தன் போன் பண்ணி எச்சரிக்க, மையத்தைத் திறந்து அந்த ஒலிபெருக்கியில் சொல்லி, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவங்க தப்பிச்சாங்க. கருவி நிறுவனத்தோடது. சேதி மீனவர் மகனோடது. ஒண்ணு இல்லாம இன்னொண்ணு வெறும் தகரம்.

சரி, கதை இங்கேயே முடிஞ்சிருந்தா நான் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன்.

2014-ல் இன்னொரு குழு போட்டாங்க. தலைவர், 2009 குழுவில் இருந்த அதே சைலேஷ் நாயக். 2015 ஜனவரியில் கொடுத்த அறிக்கை, தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டு வாங்கினப்புறம்தான் 2016-ல் வெளியே வந்தது. அதை ஒட்டி 2019 ஜனவரி 18-ல் இன்னொரு அறிவிக்கை. அதன்படி, 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் உள்ள கிராமப்புறக் கரையில், திட்ட வரைபடம் ஒப்புதலானதும், 200 மீட்டர் 50 மீட்டராகச் சுருங்கிடும். மணல்ல தற்காலிகச் சுற்றுலாக் கொட்டகைன்னா அலைக்கோட்டிலிருந்து 10 மீட்டரே போதும்.

'மீனவருக்கும் வீடு கட்ட இடம் கிடைக்குமே'ன்னு சமாதானம் சொல்றாங்க. ஐயா, அந்தச் சலுகை 2011-லயே வந்தாச்சு, மீனவருக்குன்னு மட்டும். 2019-ல் வந்தது எல்லாருக்கும். கரையில பத்துத் தலைமுறையா இருக்கிறவனையும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரை நிறுத்திட்டு இடம் பார்க்கிறவனையும் ஒரே வரிசையில நிக்க வெச்சா யார் ஜெயிப்பாங்கன்னு சொல்ல நிபுணர் குழு வேணுமா?

கரைங்கிறது காலி மனை இல்லை. படகை ஏத்தி வைக்கணும், வலையைப் பரப்பணும், கருவாடு காயணும், கரைவலை இழுக்க நீளமா இடம் வேணும். வடகிழக்குப் பருவக்காத்துல கடல் மணலை வழிச்சுத் தின்னும், அப்புறம் கொண்டுவந்து கொட்டும். அந்தப் போக்குவரத்துக்கே இடம் விடணும். 50 மீட்டர்ல படகு நிக்குமா, கடல் நிக்குமா? 2023-ல் தமிழ்நாட்டு வரைபடங்களை வெச்சுக் கருத்துக் கேட்டப்ப மீனவர்கள் சொன்ன முக்கியமான குறையே, தங்கள் ஊரும் பொது இடங்களும் அதுல ஒழுங்கா இல்லைங்கிறதுதான். கயிறு போய் வரைபடம் வந்தா என்ன ஆகும்னு 2008-லயே பயந்தாங்களே, அதான் நடந்துச்சு.

'படாளத்துக்காரனுக்கு சர்க்கரை ஆலையும் கரும்பு லாரியும்தானே தெரியும், உனக்கும் கடலுக்கும் என்னய்யா சம்பந்தம்?'னு டீக்கடையில கேட்கிறாங்க. எங்க பக்கத்துப் பாலாறு போய்ச் சேர்றது கல்பாக்கத்துக்குத் தெற்கே கடல்லதான். ஆத்து மணலை அள்ளி அள்ளி முகத்துவாரப் பக்கம் உப்புத்தண்ணி உள்ளே ஏறினப்புறம்தானே வயலூர்ல தடுப்பணை கட்டினாங்க? கடல் நம்மளைக் கேட்டுக்கிட்டு மேற்கே வராது. மணல் மேடும் காலி இடமும் இருக்கிற வரைக்கும்தான் அதுக்கு வேலி.

ஆக, கட்சி பிரிஞ்சு அடிச்சுக்கிற அன்பர்களே, பூ வைக்கிறவங்க 2009 அறிக்கைக்கும் ஒரு பூ வைங்க. கல்லெறியிறவங்க 2005 அறிக்கை மேலயும் ஒரு கல்லு எறிங்க. ரெண்டு பேரும் அடுத்து வர்ற நிபுணர்கிட்ட எத்தனை நாடு போனீங்கன்னு கேட்காதீங்க. 'கரையில இருக்கிறவன் வேணாம்னு சொன்னா உங்க காகிதத்தைக் கிழிப்பீங்களா?'ன்னு கேளுங்க. முழிச்சாருன்னா அவர் நிபுணர் இல்லை, குமாஸ்தா.

பி.கு.: மாமல்லபுரம் போறவங்க கடற்கரைக் கோயிலைப் படம் எடுத்து முடிச்சதும், கொஞ்சம் தெற்கே குப்பம் பக்கமும் நடந்து போங்க. படகுக்கும் அலைக்கும் நடுவுல எத்தனை அடி, படகுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவுல எத்தனை அடின்னு கால் வெச்சு அளந்து, உங்க பதிவுல போடுங்க. கயிறு இல்லாட்டி கால் இருக்கே.