சாளையில் பைக்கைப் பிரிக்கும் மகன்: விடலாமா, தடுக்கலாமா?

கேள்வி: பையனுக்குப் பத்தொன்பது வயசுங்க. பாலிடெக்னிக் படிக்கிறான். பழைய 200 சிசி பைக் ஒண்ணை வாங்கிட்டு வந்து மாட்டுச் சாளையில் போட்டுப் பிரிச்சுக்கிட்டே இருக்கிறான். சைலன்சர் மாத்தணும், பெரிய பிஸ்டன் போடணும், நாற்பதாயிரம் வேணும்னு மஞ்சள் வித்த காசைக் கேட்கிறான். ராத்திரியில் கூட்டாளிகளோட பைபாஸில் ரேஸ் ஓட்டறான்னு ஊரில் பேச்சு. அவங்கம்மா சரியாத் தூங்கறதில்லை. வண்டியை வித்துப்போடலாமுங்களா?
– பொள்ளாச்சி வட்டார வாசகர்

பதில்: வண்டியை விற்றால் ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் பையன் அடுத்த மாதமே கூட்டாளி வண்டியில் ஏறிவிடுவான். இதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கும் ஆர்வம். மற்றொன்று, பொதுச் சாலையில் வேகம். முதலாவதை வளர்க்க வேண்டும்; இரண்டாவதை அறவே நிறுத்த வேண்டும்.

கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்தவர் ஜி.டி.நாயுடு. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வைத்திருந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, கோவை ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதை விலைக்கு வாங்கினார். பிரித்து மாட்டியே இயந்திரத்தைக் கற்றுக்கொண்டார். 1920இல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் ஒற்றைப் பேருந்துடன் தொழில் தொடங்கினார். 1937இல் டி.பாலசுந்தரத்துடன் சேர்ந்து மின்மோட்டார் தயாரித்தார். இன்று நம் கிணறுகளில் ஓடும் மோட்டார் பம்புகளுக்குக் கோவை பெயர் பெற்றிருப்பதில் அந்தக் காலத்து முயற்சிகளுக்கும் பங்கு உண்டு.

பந்தய வண்டியிலும் கோவைக்குத் தனி இடம் உண்டு. கோவைக்காரரான எஸ்.கரிவரதன் சொந்தமாகப் பந்தயக் கார்களை வடிவமைத்துக் கட்டினார். மாருதி 800 காரின் எஞ்சினை வைத்து அவர் உருவாக்கிய ஒற்றை இருக்கை ‘ஃபார்முலா மாருதி’ கார்களில்தான் பல இளைஞர்கள் பந்தயம் பழகினார்கள். அதில் ஓட்டிப் பழகிய கோவை நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் 1995இல் சிறு விமான விபத்தில் காலமானார். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கியது.

கரிவரதன் செய்ததில் பையன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாதாரண மாருதி எஞ்சினை எடுத்தாலும், அதைச் சுற்றி வண்டி முழுவதையும் புதிதாகக் கட்டினார். ஓட்டியதும் பந்தயத் தடத்தில்.

எஞ்சினை மட்டும் கூட்டினால் என்ன ஆகும்?

ஐந்து ஹெச்.பி. மோட்டார் ஓடிய போர்வெல்லில் ஏழரையை இறக்கினால் கேபிள், ஸ்டார்ட்டர், பைப் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் கேபிள் கருகும். பைக்கும் அப்படித்தான். பெரிய பிஸ்டன் போட்டால் சூடும் அழுத்தமும் கூடும். கிராங்க் பேரிங், கிளட்ச், செயின் ஆகியவை பழைய சக்திக்கு அளந்து செய்யப்பட்டவை. பிரேக்கும் அப்படியே.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் 10 மீட்டரில் நிற்கும் வண்டிக்கு 80இல் 40 மீட்டர் வேண்டும். 120இல் 90 மீட்டர். கண்ணால் பார்த்துக் கை பிரேக்குக்குப் போவதற்குள் ஓடும் தூரம் இதற்கு மேல். இருட்டில், தேங்காய் ஏற்றி விளக்கில்லாமல் நிற்கும் டிராக்டர் டிரெய்லர் 90 மீட்டருக்கு முன்பே கண்ணுக்குத் தெரியாது.

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் இழுவை கூடும் என்று சிலர் சொல்வார்கள். நம் செம்மண் தூசி நேராக சிலிண்டருக்குள் போய் ரிங்கைத் தேய்த்துவிடும். கொஞ்ச நாளில் வண்டி நீலப் புகை கக்கும்.

சட்டம் சொல்வது

ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டில் தகராறு செய்ய இடம் உண்டு. அப்போது மஞ்சள் வித்த காசு போதாது. காட்டையே அடமானம் வைக்க வேண்டிவரலாம்.

சாளையில் வேலை செய்யும்போது

1. சோளத்தட்டு, வைக்கோல் இருக்கும் சாளையில் பெட்ரோல் வேலை கூடவே கூடாது. பெட்ரோல் ஆவி தரையோடு படர்ந்து போகும். அடுப்பு, ஸ்விட்ச் பொறி, பீடி எதுவானாலும் பற்றிக்கொள்ளும். வேலையைத் திறந்த களத்துக்கு மாற்றவும்.

2. கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓட விடக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசமில்லை. தெரியாமலே மயக்கம் வந்து உயிர் போய்விடலாம்.

3. மின் வேலைக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றவும்.

4. டிஸ்க் பிரேக் ஆயிலை மூடியில் போட்டிருக்கும் டாட் எண் பார்த்தே ஊற்றவும். பிரேக்கைப் பிரித்தால், அனுபவமுள்ள மெக்கானிக் பார்க்காமல் வண்டி வாசலைத் தாண்டக் கூடாது.

5. பழைய எஞ்சின் ஆயிலை வாய்க்காலிலோ வரப்பிலோ ஊற்ற வேண்டாம். மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் கெடும். கேனில் சேர்த்துப் பட்டறையில் கொடுக்கவும்.

நாற்பதாயிரத்தை என்ன செய்வது?

பிஸ்டனுக்கும் சைலன்சருக்கும் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம். அதில் ஒரு பகுதியில் நல்ல டயர், பிரேக் பேட், செயின் ஸ்பிராக்கெட், ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் வாங்கலாம். ஒரு டார்க் ரெஞ்சும் அந்த வண்டிக்கான சர்வீஸ் புத்தகமும் வாங்கிக் கொடுக்கலாம். கம்பெனி சொன்ன அளவுக்கே எஞ்சினை முழுதாகப் பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி மாட்டி ஓட வைப்பதே பெரிய வித்தை. அது கைவந்தால் வீட்டுப் பவர் வீடர், மருந்தடிக்கும் எஞ்சின் ஆகியவற்றை அவன் பொறுப்பில் விடலாம். களையெடுப்புச் சமயத்தில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் வேலை வரும்.

பந்தய ஆசை அடங்கவில்லை என்றால் அதற்கும் முறையான வழி உண்டு. பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய பந்தயக் கார்களுடன் மோதும் ஃபார்முலா பாரத் போட்டி, செட்டிபாளையம் தடத்தில் நடந்திருக்கிறது. படிப்பை முடித்துப் பொறியியலில் சேர்ந்தால் அந்த வாசல் அவனுக்கும் திறக்கும். பந்தய நாளில் அப்பாவும் அம்மாவும் அவனோடு ஒருமுறை போய்ப் பார்த்து வரலாம். ஒரே திசையில் மட்டும் ஓடும் வண்டிகள், தோல் உடுப்பு, கொடி காட்டும் ஆட்கள், தயாராக நிற்கும் ஆம்புலன்ஸ் இத்தனையும் வைத்துக்கொண்டுதான் அங்கே வேகம் போகிறார்கள். பைபாஸில் இதில் ஒன்றும் இல்லை என்பது அவனுக்கே புரியும்.

இதையெல்லாம் சொல்லிய பிறகும் இரவில் பைபாஸுக்குப் போனால் அன்றே சாவியை வாங்கி வைத்துவிடுங்கள். அதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். ரெஞ்சை மட்டும் அவன் கையிலேயே விட்டுவிடுங்கள்.