கண்ணைக் காட்டினால் வேலை போகுமா?

சென்ற மாதம் கடலூர் முதுநகரில் ஒரு டீக்கடை பெஞ்சியில் லாரி டிரைவர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தேன். ஐம்பதை ஒட்டிய வயது. டீயில் சர்க்கரை வேண்டாம் என்றார். "சுகர் இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். உடனே சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மெதுவாப் பேசுங்க தோழரே, புக்கிங் ஆபீஸ் ஆளு நிக்கிறான். அவன் காதுல விழுந்தா ஓனர் காதுல விழுந்த மாதிரி."

இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு அவருக்குச் சிதறித் தெரிகிறதாம். லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் சர்டிபிகேட் வாங்கினீர்களே, அங்கே சொல்லவில்லையா என்றேன். சிரித்தார். "பேரு கேட்டாரு, வயசு கேட்டாரு, கையெழுத்துப் போட்டாரு. நாடி கூடப் பிடிக்கல."

இது டிரைவர்கள் சமாச்சாரம், நமக்கு என்ன என்று மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் நினைக்க வேண்டாம். புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் நம் பெண்கள் விடியுமுன் எதில் ஏறுகிறார்கள்? சரக்கு வண்டியின் பின்னால் நின்றுகொண்டுதான் போகிறார்கள். ராத்திரி ஷிப்டு முடிந்து சைக்கிளில் திரும்புகிறவனும், நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு போகும் அதே சாலையில்தான் வருகிறான். டிரைவரின் கண் மங்கினால் முதலில் சாகிறவர்கள் நாம்.

சட்டத்தில் சோதனை இல்லாமலில்லை. லாரி, பஸ் போன்ற வண்டிகளை ஓட்ட லைசென்ஸ் வாங்கவும் புதுப்பிக்கவும் '1ஏ' என்ற படிவத்தில் டாக்டர் கையெழுத்திட வேண்டும். மாலைக்கண் உண்டா, 25 மீட்டர் தூரத்தில் நம்பர் பிளேட் தெரிகிறதா என்றெல்லாம் அதில் கேள்விகள் உண்டு. ஆனால் ரத்த அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று எழுத ஒரு கட்டம் கிடையாது. முன்பு இந்த லைசென்ஸை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 5 ஆண்டாக நீட்டிவிட்டது. டிரைவர்களுக்கு அலைச்சல் மிச்சம் என்றார்கள். அது உண்மைதான். ஆனால் 5 ஆண்டில் சர்க்கரை வியாதி ஒரு மனிதனின் கண்ணை என்ன பாடு படுத்தும் என்று எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார்.

டெல்லி ஐ.ஐ.டி.யும் சைட்சேவர்ஸ் என்ற நிறுவனமும் லாரி டிரைவர்களைச் சோதித்த அறிக்கை 2025 ஜனவரியில் வெளிவந்தது. 100 பேரில் 55 பேருக்குப் பார்வைக் குறை, 57 பேருக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்று அது கூறுகிறது. இத்தனை பேரிடமும் லைசென்ஸ் இருக்கிறது! 2024 நவம்பர் 6ஆம் தேதி பெங்களூரில் ஓடிக்கொண்டிருந்த மாநகர பஸ்ஸின் டிரைவர் மாரடைப்பால் இருக்கையிலேயே சாய்ந்தார். கண்டக்டர் பாய்ந்து வந்து ஸ்டியரிங்கைப் பிடித்து பஸ்ஸை நிறுத்தினார். பயணிகள் தப்பினார்கள், டிரைவர் பிழைக்கவில்லை. லாரியிலோ கண்டக்டர் இல்லை. இப்போது பல லாரிகளில் கிளீனரும் இல்லை.

அப்படியானால் கடுமையாகச் சோதித்து, தேறாதவனை இறக்கிவிடு என்று சிலர் கூறுவார்கள். கார் வைத்திருப்பவர்களின் பேச்சு இது. டிரைவர் ஏன் நோயை மறைக்கிறார்? சொன்னால் அடுப்பு எரியாது. 'மெடிக்கல் அன்ஃபிட்' என்ற இரண்டு சொற்களுக்கு என்ன அர்த்தம் என்று மில் தொழிலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபது வருஷம் பஞ்சைத் தின்று நெஞ்சு கெட்ட பிறகு, நெஞ்சு கெட்டவன் வேண்டாம் என்று கேட்டுக்கு வெளியே தள்ளுவது நாம் பார்த்ததுதானே.

தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஒருவர் 2014இல் டிரைவராகச் சேர்ந்தார். பிறகு நடந்த மருத்துவச் சோதனையில் அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவில்லை என்று கண்டார்கள். வேறு வேலை கொடுங்கள் என்று கேட்டார். கொடுக்காமல் 2016 ஜனவரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. அவருக்குக் கைகொடுத்தது எது தெரியுமா? அவர் சேர்வதற்கு 35 ஆண்டுகளுக்கு முன், 1979 டிசம்பரில், ஆந்திரப் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம் நிர்வாகத்துடன் போட்ட ஒப்பந்தம். நிறக்குருடு என்று கண்டுபிடிக்கப்படும் டிரைவருக்குச் சம்பளம் குறையாமல் மாற்று வேலை என்று அதில் ஒரு ஷரத்து. அந்த ஒப்பந்தம் காலாவதி என்றது நிர்வாகம். கோர்ட்டு ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டு 1ஆம் தேதி, அவருக்குத் தகுந்த வேறு வேலையும் பழைய சம்பள பாக்கியில் கால் பங்கும் கொடுக்கத் தீர்ப்பளித்தது. ஒன்பது வருஷம் அந்தக் குடும்பம் என்ன சாப்பிட்டது என்பது வேறு விஷயம்.

அரசு பஸ் டிரைவருக்குச் சங்கமாவது, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவாவது உண்டு. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவரிடம் டிரிப்புக் கூலிக்கு ஓட்டுகிறவருக்கு என்ன உண்டு? 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி வேலை, 5 மணி வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு என்றது. 5 பேர் வேலை செய்யும் இடத்துக்கே அது செல்லும். 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த புதிய தொகுப்பு அதை விழுங்கி, 5 பேரை 10 பேராக்கிவிட்டது. வருஷாந்திர இலவசச் சோதனை என்று அதே தொகுப்பு பேசுகிறது. 4 டிரைவர்களை வைத்திருக்கும் ஓனரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்!

உடம்பைச் சோதித்துவிட்டு 16 மணி நேரம் ஓட்டச் சொன்னால் எந்த உடம்பும் தாங்காது. ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வு கட்டாயம். வண்டியிலுள்ள கருவியே கணக்கு வைக்கிறது. நாளுக்கு 9 மணிக்கு மேல் ஓட்டக் கூடாது என்ற 1979ஆம் ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவே இல்லை.

ஆகவே நாம் கேட்பது இது. சோதனை வருஷத்துக்கு ஒருமுறை நடக்கட்டும். கடலூர், சிதம்பரம் அரசு ஆஸ்பத்திரிகளில், ராத்திரி வண்டி விட்டு இறங்குகிறவன் வரக்கூடிய நேரத்தில் நடக்கட்டும். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021இல் சர்க்கார் வீட்டுக்கு மாத்திரை அனுப்பத் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் டிரைவர் வீட்டில் இருப்பதில்லை. சிப்காட் வாசலுக்கும் லாரி நிறுத்துமிடத்துக்கும் அதைக் கொண்டுவர வேண்டும். கண்ணாடி இலவசமாகக் கிடைக்க வேண்டும். ரிப்போர்ட்டு டிரைவர் கையில் இருக்க வேண்டும், ஓனர் கையில் அல்ல. ஓட்ட முடியாதவருக்கு மாற்று வேலை, அதுவரை நல வாரியத்திலிருந்து ஜீவனாம்சம். இந்தக் கடைசி வரி இல்லாமல் எத்தனை முகாம் போட்டாலும் டீக்கடையில் நான் பார்த்தவர் அங்கே வரமாட்டார்.