மலர்க்கண்காட்சிக்கு நோயாளரும் வரட்டும்

கோடை விடுமுறை தொடங்கியதும் பெரம்பலூர், அரியலூர் வட்டாரக் குடும்பங்கள் பலவற்றில் உதகை மலர்க்கண்காட்சியைப் பற்றிய பேச்சு எழும். எந்த நாளில் புறப்படுவது, யார் யார் வருவது, வேன் பேசுவதா ரயிலில் போவதா என்று நெடுநேரம் ஆலோசிப்பார்கள். ஆனால் வீட்டில் நெடுநாள் நோயுள்ள ஒருவர் இருந்தால், அவரைப் பற்றிய முடிவு மட்டும் நொடியில் எடுக்கப்பட்டுவிடும். 'உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது, வீட்டைப் பார்த்துக்கொண்டு இருங்கள்' என்பார்கள். அவருக்குத் துணையாக மகளோ மருமகளோ தங்கிவிடுவார். மருத்துவர்களாகிய நாங்களும் சில வேளைகளில், 'இந்த வயதில் எதற்கு அலைச்சல்?' என்று கூறி அம்முடிவுக்கு முத்திரை இட்டுவிடுகிறோம்.

ஆராயாமல் சொல்லப்படும் இந்த 'வேண்டாம்' சரியான மருத்துவம் அன்று என்பது என் கருத்து. சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா, பழைய மாரடைப்பு ஆகியவை இன்று பல்லாண்டுகள் உடன் வாழும் நோய்கள். அவற்றோடு வாழ்பவரை ஒவ்வொரு மகிழ்ச்சியிலிருந்தும் விலக்கி வைத்தால், மாத்திரைகளை ஒழுங்காக உண்பதற்கான காரணத்தையே அவரிடமிருந்து பறித்தவர்களாவோம்.

இதில் மற்றோர் ஆபத்தும் உண்டு. 'வேண்டாம்' என்பதற்கு அஞ்சும் நோயாளர் தம் துன்பத்தை மறைத்துக்கொண்டு புறப்படுகிறார். வழியில் கழிப்பறைக்கு அலைய நேருமே என்று நீர் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துகிறார். தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார். காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு உணவைத் தள்ளிப்போடுகிறார். பயணத்தில் நேரும் மூச்சுத்திணறலுக்கும் மயக்கத்திற்கும் இவை முக்கியக் காரணங்கள். வெளிப்படையாகப் பேசித் திட்டமிட்டால் இவற்றுள் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

ஆஸ்துமா உள்ளவர்களின் குடும்பத்தினர் பலரும் முதலில் அஞ்சுவது மலர்களைத்தான். கண்ணைக் கவரும் மலர்களின் மகரந்தம் பெரும்பாலும் கனமானது, ஒட்டும் தன்மையுடையது. பூச்சிகளால் எடுத்துச் செல்லப்படுவது. காற்றில் பரவி ஒவ்வாமையை அதிகம் உண்டாக்குவது புற்களின் மகரந்தமும் சிலவகை மரங்களின் மகரந்தமுமே. ஆகவே மலரை முகர்ந்து பார்ப்பதைத் தவிர்த்து, இன்ஹேலரைக் கையிலேயே வைத்திருந்தால் ஆஸ்துமா கட்டுக்குள் உள்ள பலர் அச்சமின்றிக் கண்டு வரலாம். உண்மையில் கவனிக்க வேண்டியவை உயரம், குளிர், சரிவு, நெரிசல் ஆகிய நான்குமே.

உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் குறைவதால், கடல்மட்டத்தோடு ஒப்பிட ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது. உடல்நலம் உள்ளவர் இதனைப் பெரிதாக உணர்வதில்லை. நுரையீரலோ இதயமோ தளர்ந்தவர் உணர்வார். நம் ஊரின் கடும் வெயிலிலிருந்து சென்றவுடன் சேரும் குளிர், ஆஸ்துமாவையும் நெஞ்சுவலியையும் தூண்டக்கூடும். கண்காட்சி நடைபெறும் அரசு தாவரவியல் பூங்கா, 1848-இல் தொடங்கப்பட்டது. தொட்டபெட்டா மலைச்சரிவில் ஏறத்தாழ 55 ஏக்கரில் படிப்படியாக அமைந்தது. முழுவதும் சுற்றுவது எளிதன்று. ஆனால் மேல்தளம் வரை ஏறியே ஆகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கீழ்ப்பகுதிப் புல்வெளியில் அமர்ந்து பார்ப்பதும் பார்ப்பதுதான்.

மலையேறவே கூடாதவர்களும் உள்ளனர். அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டவர், ஓய்விலும் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ உள்ளவர், வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துபவர், கடும் இரத்தசோகை உள்ளவர், நிறைமாத கர்ப்பிணி ஆகியோர் மருத்துவரின் தெளிவான அனுமதியின்றிப் புறப்படலாகாது. எனினும் அவர்களுக்கும் மலர்க்காட்சி முற்றிலும் மறுக்கப்பட வேண்டியதில்லை. சென்னைச் செம்மொழிப் பூங்காவில் தோட்டக்கலைத் துறை 2023 முதல் மலர்க்கண்காட்சி நடத்தி வருகிறது. அது சமவெளி, அரியலூரிலிருந்து நேரடி ரயிலும் உண்டு. நெடுந்தொலைவுப் பயணம் தாங்காது என்ற அளவில் மட்டும் தயங்குவோருக்கு ஏற்காடு இருக்கிறது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமே; அங்கும் கோடை விழாவையொட்டி மலர்க்கண்காட்சி நடைபெறுகிறது. நோயாளரை விட்டுவிட்டு இடத்தைத் தேர்ந்தெடுப்பதை விட, நோயாளருக்கேற்ற இடத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னரே உங்கள் மருத்துவரைச் சந்தியுங்கள். 'போகலாமா?' என்று மட்டும் கேட்காதீர்கள்; 'எப்படிப் போனால் போகலாம்?' என்று கேளுங்கள். நீர் மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றலாம், இன்சுலின் அளவு என்ன, டயாலிசிஸ் நாள்களுக்கு இடையே பயணம் பொருந்துமா என்பவற்றை அவரே முடிவு செய்யட்டும். மருந்துச் சீட்டின் நகலையும், பயண நாள்களை விடக் கூடுதலாக மூன்று நாள் மருந்துகளையும் கைப்பையில் வையுங்கள். இன்சுலினை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுச் செல்லாதீர்கள். பனிக்கட்டியின் மேல் நேரடியாகவும் வைக்காதீர்கள்.

உதகைக்கு ஒரே மூச்சில் செல்ல வேண்டாம். மேட்டுப்பாளையம் அல்லது கோவையில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலையில் மலையேறுங்கள். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி நடந்தால் கால்களில் இரத்தம் உறையும் வாய்ப்புக் குறையும். சொந்த வாகனமோ வாடகை வாகனமோ எதுவாயினும் இ-பாஸ் பெற்றுச் செல்லுங்கள். உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இது நடைமுறைக்கு வந்தது. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்குத் தடை உள்ளதால் எவர்சில்வர் புட்டியில் குடிநீர் கொண்டு செல்லுங்கள். சென்ற முதல் நாள் ஓய்வு. மறுநாள், வார நாளாக இருப்பின், காலையிலேயே கண்காட்சி. நெஞ்சுவலி, அடங்காத மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் ஆகியவை தோன்றினால் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட 2022 ஜனவரி 12 அன்றே நீலகிரிக்குரிய அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. மலைமேல் மருத்துவம் கிடைக்காது என்ற பழைய அச்சத்திற்கு இனி அவ்வளவு இடமில்லை.

இவ்வளவு ஏற்பாடும் ஒருவருக்காகவா என்று சிலர் எண்ணக்கூடும். குழந்தையை அழைத்துச் செல்லும்போது பாலுக்கும் உறக்கத்திற்கும் ஏற்பப் பயணத்தை மாற்றிக்கொள்கிறோம். அதனை யாரும் சுமையென்று சொல்வதில்லை. குடும்பத்தின் நடை, அதில் மெதுவாக நடப்பவரின் நடையாக இருக்கட்டும். அவருக்காக வீட்டில் தங்கும் மகளும் மருமகளும் அப்போது உடன் வர முடியும். பராமரிப்பவருக்கும் ஓய்வு வேண்டும் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது இரத்த அழுத்தக் குறிப்பேட்டுடன் உங்கள் பயண ஆசையையும் கொண்டு வாருங்கள். அதைப் பற்றிப் பேசுவதும் எங்கள் பணியே.